கணவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

1

போன கிழமை என் மகள் ஜெனிற்றாவுக்கு வேலை நிரந்தரமாகியது. ஒஷாவாவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை. செய்தியைச் சொல்லிவிட்டு, வரும் வழியில் வாங்கிய கேக்கை மேசையில் வைத்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மிஞ்சியதை அடுத்த நாள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், என்னோடு நின்று ஷாம்பூப் போத்தலுக்கு மூடி போடுகிற பெண்களுக்குக் கொடுத்தேன். மகளுக்கு என்ன வேலை என்று பக்கத்தில் நிற்கும் பிலிப்பீன்ஸ்காரி கேட்டாள். "லுக் பிளட்" என்றேன். அவள் கேக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதே கிழமை மன்னாரிலிருந்து என் சித்தப்பாவின் மகன் எழுதிய கடிதம் கிடைத்தது. அவனுடைய மூத்தவன் உயர்தரச் சோதனை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறான். "அக்கா, கனடாவில் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே காசு குடுக்குதாமே, உண்மையோ?" என்று கேட்டிருந்தான்.

உண்மைதான். கடனாகக் கொடுக்கிறார்கள், பிறகு மெல்ல மெல்லக் கட்டலாம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் என் மகள் இன்றைக்கு என்னோடு பக்கத்தில் நின்று மூடி போட்டுக்கொண்டிருப்பாள். தம்பிக்கு இவ்வளவையும் எழுதினேன். அதற்குமேல் எழுதப் பேனை ஓடவில்லை. எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

மூன்று வருடங்களுக்கு முந்திய கோடை அது. மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர் நடப்பதும், தண்ணீர் திறப்பதும், சண்டை பிடிப்பதும் எங்களுக்குக் கேட்கும். ஜெனிற்றா பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். கொலிஜ் ஒன்றில் ஆய்வுகூடப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்கு வழி இல்லை. பள்ளிக்கூடத்திலேயே கடன் விண்ணப்பத்தைக் கொடுத்து, "இதை நிரப்பி அனுப்பு, உன் குடும்பத்தின் வருமானத்துக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவள் நிரப்பினாள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் கடுதாசிகளையும் நிரப்புகிறவள் அவள்தான். பத்து வயதில் வந்தவளுக்கு ஒரு வருடத்தில் இங்கிலிஷ் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் படித்து விளங்கப்படுத்துவாள், டொக்டரிடம் என் வயிற்று வலியைச் சொல்லுவாள், தன் ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லுகிற குறைகளையும் எனக்கு அவளேதான் மொழிபெயர்ப்பாள். அதில் எவ்வளவு என் காதுக்கு வந்தது என்பது அவளுக்கும் ஆசிரியருக்குமே வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஜென். வீட்டிலும் அப்படிக் கூப்பிடச் சொன்னாள். என்னால் முடியவில்லை. ஜெனிற்றா என்பது அவளுடைய தகப்பன் வைத்த பெயர்.

விண்ணப்பத்தில் எனக்கென்று ஒரு பக்கம் இருந்தது. பெற்றோரின் நிலை. நான்கு கட்டங்கள். திருமணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்துப் பெற்றவர், கணவனை இழந்தவர்.

"எதை ரிக் பண்ண?" என்று கேட்டாள், பேனையைப் பிடித்தபடி.

"திருமணமானவர் எண்டு போடு."

"அப்பிடிப் போட்டால் அப்பான்ரை சம்பளம் எழுதவேணும். அப்பா சைன் வைக்கவேணும்."

இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கணவர் மரியதாஸ் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். போர் இரண்டாம் தடவை தொடங்கிய வருடம், ஒரு காலையில், தோட்டக்காரர் ஒருவரின் பம்பைப் பார்க்கவென்று சாமான் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவரை மறித்து இறக்கியதைக் கண்டேன் என்று பின்னால் வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் போகாத வாசல் இல்லை. எல்லா இடத்திலும் பெயரை எழுதினார்கள். பங்குச் சாமியாரும் எழுதினார், உதவி செய்ய வந்த வெள்ளைக்காரரும் எழுதினார்கள், எங்கள் ஆட்களும் எழுதினார்கள். எழுதிவிட்டு, "போயிட்டு வாங்கோ அம்மா" என்பார்கள். ஒருவரும் செத்துவிட்டார் என்று சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு எழுதியபோது எங்கள் லோயர் சொன்னார்: "கணவரின் பெயரைக் கட்டாயம் போடுங்கோ. நாளைக்கு ஆள் வந்தால் கூப்பிட அதுதான் ஆதாரம்." அந்தக் கடுதாசியில் நான் திருமணமானவள். கணவர் பெயர் மரியதாஸ். முகவரி தெரியாது. அந்த ஒரு வரியைத்தான் இந்த நாட்டில் அவருக்கு நான் பிடித்து வைத்திருக்கிற இடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

கொலிஜில் மாணவர் உதவி அலுவலகம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு ஜெனிற்றாவோடு போனேன். இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்களைக் கூப்பிட்டவளின் பெயர் லிண்டா. கண்ணாடியின் கயிறு கழுத்தில் தொங்கும், நரைத்த தலை, நல்ல முகம். நல்ல முகங்களைக் கண்டால் எனக்குத் தைரியம் வந்துவிடும். ஜெனிற்றா வாயைத் திறக்குமுன் நானே சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"ஐ மிஸ் ஹஸ்பன்ட்" என்றேன்.

ஆள் காணாமற்போனதைச் சொல்லத்தான் அப்படிச் சொன்னேன். பஸ்ஸை மிஸ் பண்ணுகிறோம், குடையை மிஸ் பண்ணுகிறோம், அதுபோலக் கணவரும் மிஸ் என்று என் கணக்கு.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினாள். என் கையில் தன் கையை வைத்தாள். எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னாள். தனக்குத் தெரியுமாம், குடும்பம் இரண்டு நாட்டில் இருந்தால் எவ்வளவு கஷ்டமென்று. அவர் எப்போது கனடாவுக்கு வருகிறார்?

நான் மகளைப் பார்த்தேன். அவளுடைய காது சிவந்திருந்தது. அவள் வேகமாக ஏதோ சொன்னாள். லிண்டா கையை எடுத்துக்கொண்டு, "ஓ" என்றாள். பிறகு இரண்டு பேரும் கனநேரம் கதைத்தார்கள். என் கணவரைப் பற்றி, எனக்கு முன்னால், எனக்கு எட்டாத வேகத்தில்.

கடைசியில் மகள் என் பக்கம் திரும்பினாள். "கணவனை இழந்தவர் எண்டு போட்டால் டெத் சேர்ட்டிபிகேற் வேணுமாம். அது இல்லாட்டி செப்பரேற்றட் எண்டு போடலாமாம். லோயரிட்டையோ ஆரிட்டையோ சத்தியம் பண்ணி ஒரு கடுதாசி எடுத்துக் குடுத்தால் காணுமாம்."

"காணாமல் போனவர் எண்டு எழுத ஏலாதோ எண்டு கேள்."

"கேட்டனான். கொம்பியூட்டரில அப்பிடி ஒரு பொக்ஸ் இல்லையாம்."

லிண்டா திரையைத் திருப்பி எனக்கும் காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. நான்கு கட்டங்கள்தான் இருந்தன. அவள் என்னைப் பார்த்து, "ஐ ஆம் ஸோ சொறி" என்றாள். அதை மனதாரச் சொன்னாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். எங்கள் நாட்டில் என்னை விரட்டியவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன், மண்ணை அள்ளித் திட்டியிருக்கிறேன். இவளோடு என்ன செய்வது? நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன்.

4

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் ஜெனிற்றா இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செப்பரேற்றட் எண்டு போடுவம்" என்றாள்.

"நான் அவரைப் பிரிஞ்சு வாழேல்லை."

"அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ வேர்ட்."

"இமிகிரேசன் கடுதாசியில திருமணமானவள் எண்டு கிடக்கு. இங்கை பிரிஞ்சவள் எண்டு எழுதினால் நாளைக்கு அப்பா வரேக்கை என்ன சொல்லுவாங்கள்? நீதானே பிரிஞ்சிட்டன் எண்டு சொன்னனி, பிறகென்ன எண்டு கேட்டால்?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிளாசாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்பா வரமாட்டார்."

"வாயைப் பொத்து."

"ஹி இஸ் டெட், அம்மா. ஊரில எல்லாருக்கும் தெரியும். மாமாக்குத் தெரியும். சேர்ச்சில எல்லாருக்கும் தெரியும். யூ ஆர் தி ஒன்லி வன்."

முன் இருக்கையில் இருந்த தமிழ் அன்ரி திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலத் தன் பையைச் சரிபண்ணினார். நான் மகளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் எனக்குத் தெரிந்த பிள்ளையாக இல்லை. அந்தச் சொல்லை அவள் தமிழில் சொல்லியிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். இங்கிலிஷில் சொன்னதால் அது வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்து சேர்ந்தபோது எங்கள் தரிப்பிடமும் வந்துவிட்டது.

அவள் முன்னால் இறங்கி நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் சோறும் கறியும் இருந்தது, கதை இருக்கவில்லை. விண்ணப்பம் மேசையில் கிடந்தது. அதன் மேல் ஒருவரும் ஒரு கோப்பையைக்கூட வைக்கவில்லை.

ஒரு நாள் வேலையால் வந்தபோது அவள் தொழிற்சாலை ஒன்றின் வேலை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிற்சாலையேதான். நான் கேட்காமலே சொன்னாள்: "பரவாயில்லை அம்மா. ஒரு வருசம் வேலை செய்து காசு சேர்த்திட்டுப் போறன்."

அந்த வரிசையில் என்னோடு நிற்கும் எத்தனை பேர் ஒரு வருடத்துக்கென்று வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் சிவபாதம் அண்ணையிடம் போனேன்.

5

சிவபாதம் அண்ணை எங்கள் பிளாசாவில் மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பு, விமானச் சீட்டு, இமிகிரேசன் கடுதாசி எல்லாம் அங்கே நடக்கும். சத்தியக் கடதாசி முடிக்கிற அதிகாரமும் அவருக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருப்பார். ஜெனிற்றாவும் கூட வந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, குறை நினையாதை. ஊரிலை இப்ப காணாமல் போன ஆக்களுக்கு மரணச் சான்றிதழ் குடுக்கினம். நான் ஆள் வைச்சு எடுத்துத் தரலாம். அது கையிலை இருந்தால் உனக்கு எல்லா இடத்திலையும் லேசு."

"வேண்டாம் அண்ணை."

"பிள்ளையின்ரை படிப்புக்குத்தானே."

"வேண்டாம்."

அவர் வற்புறுத்தவில்லை. தட்டச்சுப் பொறியில் தாளை ஏற்றினார். கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அடித்தார். முடிந்ததும் தாளை ஜெனிற்றாவிடம் நீட்டி, "அம்மாக்கு வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார்.

அவள் இங்கிலிஷில் ஒரு தரம் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். "என் கணவர் இன்ன வருடம் குடும்ப வீட்டை விட்டுப் போனார். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. எங்களுக்கு ஒரு உதவியும் அனுப்பவில்லை. அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது. அன்று முதல் நான் அவரைப் பிரிந்து வாழ்கிறேன்."

"உதிலை ஏதும் பொய் இருக்கோ சொல்லு" என்று சிவபாதம் அண்ணை கேட்டார். "நான் பொய் எழுதமாட்டன்."

நான் ஒவ்வொரு வரியாக யோசித்தேன். வீட்டை விட்டுப் போனார். ஓம், போனார். காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, "வந்து சாப்பிடுறன், மூடி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. ஓம். ஒன்றும் அனுப்பவில்லை. ஓம். எல்லா வரியும் உண்மை. ஆனால் அந்தத் தாளில் இருந்த மனிதன் பெண்சாதி பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டு எவளோடோ போனவன். அவனை எனக்குத் தெரியாது.

"சோதனைச் சாவடியில மறிச்சவங்கள் எண்டு ஒரு வரி போடுங்கோ அண்ணை."

"போட்டால் திருப்பிக் கேள்வி கேப்பினம் தங்கச்சி. ஆர் மறிச்சது, ஆர் கண்டது, சாட்சி எங்கை எண்டு. செப்டெம்பருக்கு முந்திக் காசு வராது."

ஜெனிற்றா என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அடி விழப்போகிறது என்று தெரிந்தால் அப்படித்தான் செய்வாள்.

அவருடைய மேசை லாச்சியை இழுத்தார், அதில் பைபிளும் இருந்தது, கீதையும் இருந்தது. "நீங்கள் வேதக்காரர்தானே" என்று கேட்டுக்கொண்டு பைபிளை எடுத்து வைத்தார். நான் கையை வைத்தேன். அவர் சொல்லச் சொல்லச் சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன். பிறகு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்குக் கூடுதலாக வெட்கமாக இருந்தது, செத்த வீட்டில் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன். பாவத்தோடு வாங்கக்கூடாத நற்கருணையை வாங்க நான் எழும்பவில்லை. ஏன் என்று ஜெனிற்றா கேட்கவில்லை. அவளும் எழும்பாமல் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

6

கடனின் முதற் தவணைக் காசு கொலிஜ் தொடங்க முந்தியே வந்தது. ஜெனிற்றா வெள்ளை மேலங்கி ஒன்று வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்தாள். காலையில் நான் தொழிற்சாலைக்குப் போகும் வானும் அவள் போகும் பஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே நேரம். குளிருக்குள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். இரத்தத்தில் எத்தனை வகை, எதோடு எது சேராது என்றெல்லாம் சொல்லுவாள்.

பனி கொட்டத் தொடங்கிய நேரம், நான் லீவாக இருந்த ஒரு பின்னேரம், ரெலிபோன் அடித்தது. ஜெனிற்றா எடுத்தாள். கடன் விண்ணப்பங்களை மீளாய்வு செய்கிற அதிகாரி. அவனோடு கதைத்தபடியே குரலை வெளியே கேட்கும்படி பொத்தானை அமத்தினாள். இளம் பையனின் குரல், பணிவான குரல்.

அவன் சொல்வதை அவள் எனக்குச் சொன்னாள். பிரிந்துபோன தகப்பனும் பிள்ளையின் படிப்புக்குக் காசு கொடுக்கக் கடமைப்பட்டவராம். அவரிடம் நான் கேட்டுப் பார்த்தேனா? கேட்க முயற்சி எடுத்ததாகப் பதிவு இருந்தால்தான் இரண்டாம் தவணையை விடலாமாம்.

"அவர் இருக்கிற இடம் தெரியாதெண்டு எழுதிக் குடுத்தனாங்கள்தானே எண்டு சொல்லு."

சொன்னாள். அவன் உடனே, அது ஒரு பிரச்சினையே இல்லை என்ற மாதிரிப் பதில் சொன்னான். அவள் அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள்.

"என்னவாம்?"

"குடும்பத்தை விட்டிட்டுப் போற தகப்பன்மாரைத் தேடுறதுக்கு எண்டு அரசாங்கத்தில ஒரு ஓபிஸ் இருக்காம். அவை கண்டுபிடிப்பினமாம். இப்பவே போனில டீரெயில்ஸ் தந்தால் தானே எழுதி அனுப்பிவிடுறாராம்."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். இத்தனை வருடத்தில், இத்தனை வாசலில், நாங்கள் தேடித் தருகிறோம் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

"தேடுவினமோ? எங்கை தேடுவினமாம்? கேள்."

"அம்மா." அவள் ரெலிபோனைக் கையால் பொத்தினாள். "இது அந்த மாதிரித் தேடுறது இல்லை. இது கனடாவுக்குள்ள. வேலை செய்யிற இடம், கார் லைசன்ஸ், அப்பிடி."

"பரவாயில்லை. எழுதட்டும்."

"அம்மா, பிளீஸ்."

"அவர் எழுதட்டும் பிள்ளை. நீ சொல்லு."

 அவள் ரெலிபோனிலிருந்து கையை எடுத்தாள்.

முழுப் பெயர் கேட்டான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பிறந்த திகதி கேட்டான். நான் சொன்னேன், அவள் இங்கிலிஷில் சொன்னாள். கடைசியாக இருந்த முகவரி. எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. கோயிலுக்குப் பின் வீதி என்று சொன்னோம். என்ன தொழில்? பம்பு மெக்கானிக். வாகனம்? சைக்கிள். மோட்டார் சைக்கிளா என்று கேட்டான். "நோ. எ பைசிக்கிள்" என்றாள். மறுமுனையில் அவன் தட்டச்சுச் செய்யும் சத்தம் ஒரு கணம் நின்றது. அவனுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். ஆனாலும் அவனுக்கும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இருந்தன. உயரம் என்ன என்று கேட்டான்.

ஜெனிற்றா பதில் சொல்லவில்லை. என்னிடம் மொழிபெயர்க்கவும் இல்லை. "ஹலோ?" என்றான் அவன்.

"அம்மா" என்று தமிழில் கேட்டாள். "அப்பா எவ்வளவு உயரம்? எனக்குப் பெரிய உயரமாத்தான் ஞாபகம் இருக்கு."

எனக்கு அடிக்கணக்கு தெரியாது. அவர் பக்கத்தில் நின்றால் எது வரைக்கும் வருவார் என்பது மட்டும் தெரியும். கையைத் தூக்கி, என் தலைக்குக் கொஞ்சம் மேலே, காற்றில் வைத்துக் காட்டினேன். அவ்வளவுதான். அவர் உயரமான மனிதர் இல்லை.

அவள் ரெலிபோன் வயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். என் கைக்குக் கீழே வந்து நிமிர்ந்து நின்றாள். அவளுடைய உச்சந்தலை என் உள்ளங்கையில் முட்டியது.

"ஃபைவ் சிக்ஸ்" என்று அவனுக்குச் சொன்னாள். அது அவளுடைய உயரம்.

அவன் நன்றி சொல்லி, இது போதும், இரண்டாம் தவணை வரும் என்றான். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டான். அவள் அழுதுகொண்டிருந்தபடியால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. கையை மட்டும் அங்கிருந்து எடுக்காமல் நின்றேன்.